வாடை நின்ற பிறகு

ஜூலை 8, திங்கள்

எங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தைத் தலைமையாசிரியர் கதிரேசன் திருடிவிட்டார்.

வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. போன வருடம் வரை அங்கே கல்மேசைகள் இருந்தன, தண்ணீர்க் குழாய் இருந்தது, சுவரெல்லாம் அமிலக் கறை இருந்தது. இப்போது அது 'ஸ்மார்ட் ஹால்': நீல நிறச் சுவர், ஏசி, ஆள் உயரத்துக்கு ஒரு திரை. வாசலில் பளிங்குக் கல் பதித்து, அன்பளிப்பு என்று ஊரில் தோல் பதனிடும் பெரிய டேனரியின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். என் அண்ணன் புகழேந்தி வேலை பார்க்கும் அதே டேனரிதான். குடுவைகளும் புட்டிகளும் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு இருட்டறையில் கிடக்கின்றன. சாவி கதிரேசனிடம்.

போய்க் கேட்டேன். "வீடியோவுல காட்டும்மா. பசங்களுக்கு நல்லாப் புரியும், ஆசிட்டும் கொட்டாது" என்றார். நான் நகரவில்லை. "நீ டெம்பரரி. அத ஞாபகம் வெச்சுக்க" என்றார்.

ஞாபகம் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட தற்காலிக வேதியியல் ஆசிரியை, தமிழரசி, எம்.எஸ்சி. ஏப்ரல் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியவள். அதனால்தான் வாயால் பேச வேண்டியதை இந்த நோட்டில் கொட்டுகிறேன். கொட்டியதைத் திரும்ப அள்ளுவதில்லை. எழுதிய பக்கத்தை மறுபடி படிக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது.

ஜூலை 11, வியாழன்

இன்று வேதிப்பிணைப்பு. தேர்வில் தவறாமல் வரும் கேள்வி: நீர் திரவமாகவும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகவும் இருப்பது ஏன்?

பலகையில் வரைந்தேன். ஆக்சிஜனும் கந்தகமும் ஒரே தொகுதி. இரண்டுக்கும் வெளிக்கூட்டில் ஆறு எலக்ட்ரான். இரண்டும் இரண்டு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நீரின் மூலக்கூறுகள் ஒன்றன் கையை ஒன்று கோத்துக்கொள்கின்றன. ஆக்சிஜன் சின்ன அணு, எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் பிடி அதிகம். அதனால் ஹைட்ரஜன் பிணைப்பு. கந்தகம் பெரியது, அந்த இழுவை அதற்கு இல்லை. கோக்கக் கை இல்லாதது பிரிந்து பறக்கிறது. ஒன்றைக் குடிக்கிறோம். இன்னொன்று அழுகிய முட்டை வாடையுள்ள, நிறமற்ற, காற்றைவிடக் கனமான வாயு.

"மிஸ், அழுகின முட்டைன்னா எப்டி மிஸ் இருக்கும்?" என்றாள் முன்பெஞ்சுப் பெண்.

பின்பெஞ்சிலிருந்து ஒருவன்: "எங்கப்பா சட்டைய மோந்து பாரு, தெரியும்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆய்வகம் இல்லாத பள்ளியில் அப்பா சட்டைதான் ஆய்வகம். சிரித்த பிறகு எரிச்சல் வந்தது. அந்தச் சிரிப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் டேனரியில் இருக்கிறார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

கறிக்குழம்பு. வனஜா அண்ணி பல்பொடி போட்டு அண்ணனின் வெள்ளி அரைஞாண் கொடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வெளுக்கும், புதன்கிழமை கறுத்துவிடும். கந்தகத்துக்கு உலோகம் என்றால் அவ்வளவு ஆசை. எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் வெள்ளி வெள்ளையாக இல்லை.

அண்ணனுக்கு டேனரியில் இரண்டு வேலை. ஒன்று, கழிவுத் தொட்டிப் பராமரிப்பு. இன்னொன்று மூக்கு. தோலிலிருந்து முடியை உதிர்க்கும் சுண்ணாம்பு, சல்பைடுத் தண்ணீரெல்லாம் தரைக்கடியில் இருக்கும் மூடிய தொட்டிக்கு வந்து சேர்கிறது. அடியில் சேறு கட்டும். மாதம் ஒருமுறை ஆள் இறங்கி அள்ள வேண்டும். இறங்குவதற்கு முன் மூடியைத் திறந்து வைப்பார்கள். அண்ணன் குப்புறப் படுத்து, முகத்தை உள்ளே நீட்டி மோப்பம் பிடிப்பான். வாடை அடித்தால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். வாடை நின்றதும் எழுந்து, "ஆறிடுச்சு" என்பான். அந்தச் சொல் வராமல் ஒருவரும் இறங்க மாட்டார்கள். வாயு அளக்கும் கருவி வாங்கச் சொல்லித் தொழிலாளர்கள் கேட்டபோது மேனேஜர் வரதராஜன் அண்ணன் தோளில் கை போட்டு, "மீட்டர் எதுக்கு? இதோ கீறானே எங்க மீட்டரு" என்றாராம். அண்ணன் அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பதக்கம் வாங்கியவன் மாதிரி.

நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அரசி, எங்கூடத் தொட்டியில எறங்குற ஏசுபாதம் பெரியப்பா இன்னாமோ சொல்லிக்கினு கீறாரு. வாடை நின்னதுக்கப்புறமும் உள்ள போனா தலை கிர்ருங்குதாம். மிஷின் வெச்சுக் காத்து ஊதினாத்தான் எறங்குவேங்கிறாரு. வாடை நின்னா வாயு போயிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

ஒருவன் கந்தகத்துக்கு வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் போட்டிருந்தான். அதைச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே, "வாயு இருந்தாத்தானேண்ணா வாடை இருக்கும்" என்றேன்.

"அவ்ளோதான். படிச்சவ சொன்னாச் சரி" என்று எழுந்து போனான்.

குழம்பில் உப்பு தூக்கல் என்று அண்ணி சொன்னாள். எனக்குத் தெரியவில்லை. நாற்பது தாளில் முப்பது பேர் ஹைட்ரஜன் பிணைப்பை மனப்பாடம் செய்து, மனப்பாடத்திலேயே தப்பும் செய்திருக்கிறார்கள். ஒரு சோதனைக்குழாயைக் கையில் பிடித்ததில்லை. இவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

ஜூலை 19, வெள்ளி

சம்பளம் வரவில்லை. கதிரேசனிடம் கேட்டதற்கு, "கழகத்துல பேசணும்மா."

ஜூலை 24, புதன்

அண்ணன் சாப்பிடும்போது சொன்னான். தோலைப் பதப்படுத்திய குரோம் தண்ணீர் போகும் தனிக் குழாய் அடைத்துக்கொண்டதாம். சரி செய்யும் வரைக்கும் அதையும் அந்தச் சுண்ணாம்புக் கழிவுத் தொட்டியிலேயே விடச் சொல்லிவிட்டார் வரதராஜன்.

குரோம் தண்ணீர் அமிலம். தொட்டியில் இருப்பது சல்பைடு. சல்பைடு உப்பில் அமிலம் ஊற்றினால் என்ன வரும் என்பது பதினோராம் வகுப்புப் பாடம். சல்பைடு தன் கந்தகத்தை ஹைட்ரஜனிடம் கொடுத்துவிடும். அந்த வாயு குமுறிக்கொண்டு வரும். ஆய்வகத்தில் சிட்டிகை உப்பும் சில துளி அமிலமும் போட்டுச் செய்யும் சோதனையை இவர்கள் லாரி லாரியாகச் செய்கிறார்கள். வரதராஜன் தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக். படித்தவர். தெரியாது என்று சொல்ல முடியாது.

"போய்ச் சொல்லுண்ணா."

"சொல்லியாச்சு. 'ஆபீஸ்ல பேசறேன்'னாரு."

"வாயு ரொம்ப அதிகமா வரும். பாத்துக்க."

"எம்மூக்கு எதுக்குக் கீது?" என்று சிரித்தான்.

அது ஒன்றுதான் ஆறுதல்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஸ்மார்ட் ஹாலில் ஏசி ஓடவில்லை. மின்கட்டணம் அதிகமாம். திரையும் பூட்டு. மரத்தடியில் பாடம் நடத்தினேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஏசுபாதம் பெரியப்பா செத்துப்போனார். முருகவேலும். தொட்டிக்குள். அண்ணன் உயிரோடு இருக்கிறான்.

ஆகஸ்ட் 7, புதன்

நடந்ததை எழுத வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி எழுதிவிடுவார்கள்.

காலையில் மூடியைத் திறந்திருக்கிறார்கள். அண்ணன் படுத்து மோப்பம் பிடித்தான். முதலில் என்றும் இல்லாத அளவுக்குக் கடுமையாக அடித்ததாம். கண்ணீர் வந்ததாம். அப்படியே படுத்திருந்தான். சட்டென்று வாடை நின்றுவிட்டது. "கையால சுவிட்ச அணைச்ச மாதிரி நின்னுச்சு அரசி" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் திரும்பத் திரும்பச் சொன்னான். எழுந்து "ஆறிடுச்சு" என்றான். ஏசுபாதம் பெரியப்பா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். ஏணியின் பாதியிலேயே கை விட்டுவிட்டது. கயிறு நைந்த கயிறு, இழுத்ததும் அறுந்தது. அவரைத் தூக்க முருகவேல் குதித்தான். இருபத்துநான்கு வயது, வேலைக்குச் சேர்ந்து ஒரு மழைக்காலம்கூடப் பார்க்காதவன். அவனும் குரல் கொடுக்காமல் சரிந்தான். அண்ணன் காலை உள்ளே விட்டபோது நாலு பேர் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதுகெல்லாம் சிராய்ப்பு.

பிணவறை வாசலில் ஒரு பெண் டாக்டர், என்னைவிடச் சின்னவளாக இருப்பாள், அண்ணன் சொன்னதைக் கேட்டுவிட்டு நின்றாள்.

"வாடை நின்னுச்சா? திடீர்னா?"

"ஆமா டாக்டர்."

"வாயு போகலைங்க. உங்க மூக்கு போச்சு. இந்த வாயு கொஞ்சமா இருந்தா நாறும். அதிகமாச்சுன்னா மோப்ப நரம்பையே மரத்துப்போக வெச்சிடும். வாடை நின்னா எறங்கக் கூடாது, ஓடணும்."

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அடக்கம். ஏசுபாதம் பெரியப்பாவின் மனைவி ரோசம்மா பெரியம்மா அழவில்லை. அண்ணன் மாலையோடு போனான். தெருமுனையிலேயே அவர்கள் வீட்டுப் பையன்கள் தடுத்துவிட்டார்கள். மாலையை அங்கிருந்த மின்கம்பத்தில் மாட்டிவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் என் வழிகாட்டி நூலை எடுத்துப் பார்த்தேன். அழுகிய முட்டை வாடையுள்ள வாயு. அவ்வளவுதான். மூக்கு சாகும் என்று ஒரு வரி இல்லை. கொதிநிலை இருக்கிறது, பிணைப்புக் கோணம் இருக்கிறது, அடர்த்தி இருக்கிறது. மனிதன் இல்லை. அந்த நூலைத் தூக்கி அடித்தேன். நீர்ப்பானையில் பட்டு அட்டை நனைந்தது. அண்ணி எடுத்துக் காயவைத்தாள்.

இப்போது விவரமாகப் படித்துவிட்டேன். மூச்சு என்பது நுரையீரலோடு முடிவதில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மூச்சை நடத்தும் ஒரு நொதி. அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. அந்த இரும்பைத்தான் இந்த வாயு பிடித்துக்கொள்கிறது. அரைஞாண் கொடியின் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும் அதே கந்தகம். நெஞ்சு நிறையக் காற்று இருந்தும் செல்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. பெரியப்பாவின் கை ஏணியை விட்டது அதனால்தான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வரதராஜன் போலீஸில் சொல்லியிருக்கிறார்: "மூக்கு பாக்கறவன் தப்பாச் சொல்லிட்டான். அவன் சொல்லாம எவனும் எறங்க மாட்டான் சார். கேட்டுப் பாருங்க." கேட்டுப் பார்த்தார்கள். உண்மைதான், எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

இரண்டு குழாயை ஒன்றாக்கியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணனைக் கூட்டிப்போய் மாலையில் அனுப்பினார்கள். அலட்சியத்தால் மரணம் என்று வழக்கு. திங்கட்கிழமைக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கைது. தொழிற்சாலை ஆய்வாளர் புதன்கிழமை வருகிறாராம். அவர் எழுதுவதைப் பொறுத்து.

அண்ணன் கொலைகாரன் ஆகப்போகிறான். மூக்கை மீட்டராக்கியவன் மேனேஜராகவே இருக்கப்போகிறான். நான் விடமாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் தலையாட்டுகிறவன் இருக்கிறானே, தொட்டியைவிட அவன்தான் ஆபத்து. வரதராஜனைச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

கதிரேசனிடம் இருட்டறைச் சாவி கேட்டேன்.

"எதுக்கு?"

"லெட் அசிட்டேட் புட்டி வேணும் சார்."

"டேனரிக்காரங்க ஹால் கட்டிக் குடுத்திருக்காங்க. நீ அவங்களுக்கு எதிராப் போகப் போற. நான் சாவி குடுக்கணும்?"

"ஆமா சார்."

கொடுக்கவில்லை. மதியம் பின்பெஞ்சுக்காரன் ஒருவன், அப்பா சட்டையைச் சொன்னவன், "மிஸ், அந்த ரூம்ல தாப்பாளு ஆணி கழண்டுக்கினு கீது" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். கழன்றுகொண்டுதான் இருந்தது. அமிலப் புட்டிகளுக்கு நடுவில் எலி குட்டி போட்டிருந்தது. லெட் அசிட்டேட் அடியில், மூடி இறுகி, ஆனால் நன்றாக இருந்தது. வடிதாளைக் கீற்றாக வெட்டி அதன் கரைசலில் நனைத்துக் காயவைத்தேன். வெள்ளைத் தாள். ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் ஈயம் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு கறுத்துவிடும். ஈயத்துக்கு மூக்கு கிடையாது. மரத்துப் போகாது.

ஆகஸ்ட் 14, புதன்

டேனரியில் விசாரணை. தொழிற்சாலை ஆய்வாளர், எஸ்.ஐ., வரதராஜன், தொழிலாளர்கள், அண்ணன், நான். நான் எதற்கு என்று வரதராஜன் கேட்டார். "அவன் தங்கச்சி" என்றேன். "அப்ப ஓரமா நில்லும்மா."

தொட்டியைக் கழுவிவிட்டதாகவும் இப்போது வாயுவே இல்லை என்றும் வரதராஜன் சொன்னார். மூடியைத் திறந்தார்கள். எல்லோரும் தள்ளி நின்றோம். வாடை அடித்தது. கொஞ்ச நேரத்தில் குறைந்தது. பிறகு நின்றது. ஆய்வாளர் கர்ச்சீப்பை எடுத்துவிட்டு மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "இப்ப இல்லையே" என்றார்.

"சார், ஒரு நிமிஷம்" என்று போய் நூலில் கட்டிய தாளைத் தொட்டிக்குள் இறக்கினேன்.

"இது இன்னா, மீன் புடிக்கிறியா?" என்றார் வரதராஜன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

இழுத்தேன். தாள் கரிச்சட்டி அடி மாதிரி இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. யாருக்கும் வாடை அடிக்கவில்லை, தாள் கறுத்துப்போயிருந்தது. அப்போதுதான் பார்த்தேன், ஆய்வாளர் மூன்றடி பின்னால் போய்விட்டார்.

எல்லாம் சொன்னேன். அமிலத் தண்ணீரும் சல்பைடும் ஒரே தொட்டியில் விழுவதை, அதில் என்ன வரும் என்பதை, வாடை நின்றால் என்ன அர்த்தம் என்பதை. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தொழிலாளர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். வகுப்பில்கூட இவ்வளவு அமைதி கிடைத்ததில்லை.

"கறுப்புக் காயிதத்த எல்லாம் கோர்ட்டுல காட்ட முடியாதும்மா" என்றார் வரதராஜன். ஆனால் வேர்த்திருந்தது.

ஆய்வாளர் அண்ணனைக் கூப்பிட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மெதுவாகக் கேட்டார்.

"வாடை நின்னா எறங்கலாம்னு உனக்கு யாருப்பா சொன்னது? இத சொல்லிட்டன்னா கேஸ் உன்மேல நிக்காது. சொன்னவங்க மேல போயிடும். மேனேஜர் சொன்னாரா?"

தங்கத்தட்டில் வைத்துக் கொடுத்தார். அண்ணன் கறுத்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் தலையை அசைத்தேன்: சொல்லு, பயப்படாதே. கண்ணாலேயே வரதராஜனைக் காட்டினேன்.

"யாரும் சொல்லல சார்" என்றான். "நானாத்தான் நெனச்சிக்கினேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நானாத்தான் சார்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கத்தினேன். அடிமை என்றேன். தோளில் கை போட்டதற்கு உயிரைக் கொடுக்கிறாயா என்றேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தான். பாலத்தைத் தாண்டும்போது, "லாரி வருது, ஓரமா வா" என்றான்.

ஆகஸ்ட் 15, வியாழன்

சுதந்திர தின விழா. கொடியேற்றியவர்: வரதராஜன்.

இரண்டு பேர் செத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. வெள்ளைச் சட்டை, நெஞ்சில் குத்திய கொடி. மாணவர்கள் அறிவியல் மனப்பான்மையை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று பேசினார். கதிரேசன் கை தட்டினார். நான் தட்டவில்லை. பின்பெஞ்சு தட்டவில்லை.

மிட்டாய் கொடுத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"டீச்சரம்மா நல்லாப் பேசினீங்க நேத்து. உங்க அண்ணன் நல்லவன். தப்பு தன்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டான்னா கம்பெனி அவன் குடும்பத்தப் பாத்துக்கும். திங்கக்கெழம வரைக்கும் டைம்."

"குழாயை ஒண்ணாக்கினது யாரு சார்?"

"மிட்டாய் எடுத்துக்கங்க."

எடுக்கவில்லை. விழா முடிந்ததும் கதிரேசன், "இந்த மாசத்தோட பாத்துக்கலாம்மா" என்றார். எதைப் பார்த்துக்கொள்வது என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

பால் தீய்ந்துவிட்டது. தெருவுக்கே வாடை போய்ப் பக்கத்து வீட்டில் குரல் கொடுத்தார்கள். அண்ணன் அடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அண்ணி ஓடிவந்து இறக்கினாள். "தெரியலையா?" என்றாள். "தெரியல" என்றான்.

அரைஞாண் கொடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டான். வேலைக்குப் போகாததால் அது கறுக்கவில்லை. அண்ணி அதைத் தேய்க்கவுமில்லை.

கையெழுத்துப் போடுவதாகத்தான் இருக்கிறான். வக்கீலிடம் போகலாம் என்றேன். வேண்டாம் என்கிறான். "வக்கீலும் அதத்தான கேப்பாரு" என்கிறான்.

"எத?"

பாயை விரித்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ரோசம்மா பெரியம்மா வீட்டுக்குப் போனேன். யாரும் தடுக்கவில்லை. வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் சட்டைகள். இனி யார் போடப்போகிறார்கள் என்று கேட்க முடியுமா? கேட்கவில்லை.

"பெரியம்மா, எங்கண்ணன் மேல பழி போட்டுத் தப்பிக்கப் பாக்கறாங்க. பெரியப்பா மிஷின் வெச்சாத்தான் எறங்குவேன்னு சொன்னாரு இல்ல? அத நீங்க ஆய்வாளர்கிட்ட சொல்லணும்."

துணியை முறுக்கிப் பிழிந்தார். நுரையெல்லாம் போன பிறகும் பிழிந்தார்.

"சொன்னாரு. மாட்டேன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. தலை சுத்துது, அதுல இன்னாமோ கீதுன்னாரு. சங்கத்துல எழுதிக் குடுக்கக்கூடப் போனாரு. அப்பறம் ஒருநாளு வந்து, சரிதான், எறங்கலாம்னாரு. ஏன்யான்னேன். புகழு தெளிவா விசாரிச்சுட்டானாம், படிச்சவங்க கிட்டயே கேட்டுட்டானாம், வாடை நின்னா வாயு கெடையாதாம்னாரு."

இதுதான் எனக்கு வேண்டியது.

"எந்தப் படிச்சவங்க பெரியம்மா? பேரு சொன்னாரா?"

பெரியம்மா சட்டையை உதறிக் கொடியில் போட்டார். கிளிப் மாட்டினார். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"உங்கண்ணனக் கேளு டீச்சரே" என்றார். "எனக்கு ஒண்ணும் வாணாம். ஆனா அந்தப் பேரு எனக்கும் தெரியணும்."

பெரியம்மாவுக்கு ஓர் ஆறுதல் சொல்லக்கூட மறந்துவிட்டு ஓடிவந்தேன். படிச்சவங்க. டேனரியில் படித்தவர் என்றால் ஒரே ஆள்தான். பி.டெக். படித்த வரதராஜன். சாட்சி கிடைத்துவிட்டது. அண்ணன் வாயைத் திறந்தால் போதும். கைது இல்லை, கையெழுத்து இல்லை, பெரியப்பா சாவுக்கு ஒரு பெயர் கிடைத்துவிடும்.

அண்ணன் முற்றத்தில் பாயில் உட்கார்ந்திருந்தான். என் மேசையில் கிடந்த போன மாதத்து வேதிப்பிணைப்பு விடைத்தாள் கட்டை அண்ணி பாய் மேல் வைத்திருந்தாள். அது காற்றில் பறக்காமல் கையை வைத்துப் பிடித்திருந்தான்.

"பெரியம்மா எல்லாம் சொல்லிட்டாங்க. நீ யாரோ படிச்சவங்க கிட்ட கேட்டுட்டு வந்துதான் பெரியப்பாவ சம்மதிக்க வெச்சியாம். யாருண்ணா அது?"

கட்டின் மேல் கையை இன்னும் அழுத்தினான்.

"வரதராஜன்தானே?"

அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்று அண்ணனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ரெண்டு பேரு செத்திருக்காங்கண்ணா. ஒருத்தரு வேணாம் வேணாம்னு சொல்லிக்கினே செத்திருக்காரு. சொன்னவங்க ஜாலியா சுத்திக்கினு கீறாங்க, நீ ஜெயிலுக்குப் போகப் போற. யாருக்காக இந்தத் தியாகம்?"

அவன் விடைத்தாள் கட்டைத் தட்டி நேராக்கினான். விளிம்புகள் சேரும் வரை தட்டினான். என்னிடம் நீட்டினான்.

"பேப்பரெல்லாம் திருத்திட்டியா?" என்றான்.

இதைக் கேட்க வேண்டிய நேரமா இது? தாள்களைப் பிடுங்கிக் கீழே வீசினேன். முற்றமெல்லாம் பறந்தன. அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறான். குனிந்து பொறுக்கிக்கொண்டே இருக்கிறான். நான் வாசற்படியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுவதை நிறுத்தி மறுபடி கேட்டுவிட்டேன். நிமிரவில்லை. இன்னொரு முறை கேட்கிறேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

யாரு சொன்னது? பேரைச் சொல்லுண்ணா.